இரண்டு எர்த்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
பேட்டரிக் கடைக்கு மேலே,
முட்டை அட்டை ஒட்டிய பத்துக்குப் பத்து அறை.
மைக்கைத் திறந்தால்
யாரோ வாயை மூடிக்கொண்டு
"ம்" கொட்டுகிறார்கள்.
கதை கேட்கிறவர் கொட்டும் "ம்" அல்ல,
கதையே வேண்டாம் என்கிற "ம்".

ஃபேனை நிறுத்தினேன். இருந்தது.
டியூப்லைட்டை அணைத்தேன். இருந்தது.
கீழே சார்ஜ் ஏறும் பேட்டரிகளைக்
கழற்றச் சொல்லி நூர்தீன் பாயிடம் கெஞ்சினேன்.
கழற்றினார். இருந்தது.
சரக்கு ரயில் போகும்போது மட்டும் கேட்கவில்லை,
அப்போது எதுவுமே கேட்காது.

குளோரிந்தா வாரம் மூன்று நாள் வருவாள்,
இறால் உரிக்கும் கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்து,
விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி.
பார்வையற்ற பிள்ளைகளுக்காகப்
பத்தாம் வகுப்பு அறிவியலை வாசிக்கிறாள்.
அவளுக்குச் சம்பளம் கிடையாது, எனக்கு வாடகை கிடையாது.
"மின்னோட்டம் என்பது" என்று தொடங்குவாள்.
அடியிலிருந்து மின்னோட்டமே
"ம்" என்று ஒத்துக்கொள்ளும்.

ரிச்சி தெருவில் ஒருவன் சொன்னான்:
"மூணாவது பின்னை வெட்டி எறி தலைவா."
வெட்டினேன்.
அப்படி ஒரு அமைதி.
அன்றைக்கு மைக்கில் அவள் உதடு பட்டது.
"சுர்ருன்னுச்சுண்ணா" என்று சிரித்தாள்,
சிரித்தபடியே உதட்டைத்
தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.
ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.
விடியுமுன் புது பிளக் மாட்டினேன்.
"ம்" திரும்பி வந்தது.
இந்த முறை அதை நான் திட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் மீட்டரைக் கையில் எடுத்தேன்.
விஷயம் இதுதான்:
மிக்சருக்கு என் வீட்டு கரண்ட்.
கம்ப்யூட்டருக்கு, ஜன்னல் வழியாக,
பக்கத்து வீட்டு சம்பூரணத்தின் கரண்ட்.
இரண்டு வீட்டிலும் நூறு யூனிட் இலவசம்,
பிரித்து ஓட்டினால் பில்லே வராது என்று
மூன்று வருஷம் முன்னால் நான் போட்ட கணக்கு.
என் எர்த், கொல்லையில் உப்பும் கரியும் போட்ட குழியில்.
அவள் எர்த், அடிபம்பின் இரும்புக் குழாயில்.
சிவப்புக் கம்பியை இதில் வைத்தேன், கறுப்பை அதில்.
இரண்டு வோல்ட்டும் சில்லறையும்.

ஒரே மண்தான்.
நடுவில் ஒரு சுவர், ஒரு சாக்கடை, பதினோரு அடி.
அதற்குள் இத்தனை வித்தியாசம்.
அதுதான் என் கேபிளின் பின்னல் வழியே
அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே,
விநாடிக்கு ஐம்பது தடவை போய்வந்து
பஞ்சாயத்து பேசிக்கொண்டிருக்கிறது.

ஜன்னல் வயரைச் சுருட்டினேன்.
எல்லாவற்றையும் ஒரே பலகையில் சொருகினேன்.
இனி பில் வரும். வரட்டும்.
சம்பூரணம் எட்டிப் பார்த்தாள்.
"ஏன்பா, எங்க கரண்ட் புடிக்கலியா?"
எர்த், லூப் என்று ஆரம்பித்து, முடியாமல்,
"சத்தம் வருதுக்கா" என்று மட்டும் சொன்னேன்.
"நான் எங்கடா சத்தம் போட்டேன்?"
சாத்திய ஜன்னல் இன்னும் திறக்கவில்லை.
அதற்கு ஒரு மீட்டர் என்னிடம் இல்லை.

அன்று மாலை குளோரிந்தா வாசித்தாள்,
புவித்தொடுப்புக் கம்பி பற்றிய பக்கம்.
தாள் புரள்வது கேட்டது.
எச்சில் விழுங்குவது கேட்டது.
மூன்றாவது பத்தியில், கர்ர் என்று ஒன்று.
துள்ளி எழுந்து கேபிளை ஆட்டினேன்,
பிளக்கை ஒவ்வொன்றாக அழுத்தினேன்.
"அது நான்தாண்ணா" என்றாள், வயிற்றில் கை வைத்து.
"காலையில சாப்ட்டது."

மூன்று மாதமாக
அந்த "ம்"முக்கு அடியில்
இதுவும் பதிவாகிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ரெக்கார்டிங்கை நிறுத்தினேன்.
கேட் மூடியிருந்தது, ரயில் நகர்வதாக இல்லை.
இந்தப் பக்கத்து வண்டியிலேயே
அத்தோ இரண்டு பொட்டலம்,
ஒன்றில் காரம் தூக்கலாக.
பூண்டு வாசனை அறையை விட்டுப் போக
இரண்டு நாளாகும்.
மைக்குக்கு மூக்கில்லை.